துரு ஏறும் துப்பாக்கிகள்: ஒரு சொட்டு எண்ணெய்க்குள் அடங்கிய காவலரின் உயிர்

புது தில்லி:

உத்தரப் பிரதேச மாநிலம் சம்பல் மாவட்டத்தில் 2018 அக்டோபரில் குற்றவாளி ஒருவரைப் பிடிக்கப் போலீஸார் சுற்றி வளைத்தனர். மோதலின் நடுவே துணை ஆய்வாளர் ஒருவரின் கைத்துப்பாக்கி இயங்க மறுத்தது. எதிரியை மிரட்ட வேறு வழி தெரியாத நிலையில், துப்பாக்கி வெடிக்கும் ஓசையை வாயாலேயே "டாய், டாய்" என்று உரக்க எழுப்பினார் ஒரு போலீஸ் அதிகாரி. அந்த விடியோ காட்சியைப் பார்த்து நாடே சிரித்தது. ஆனால், அந்த நிமிடத்தில் அங்கு நின்றிருந்தவர்களுக்கு அது சிரிக்கும் விஷயமாக இருந்திருக்க முடியாது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில், பிகார் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கு சுபோல் மாவட்டத்தில் அரசு மரியாதையுடன் நடைபெற்றது. முதல்வர் நிதீஷ் குமார் முன்னிலையில், வானத்தை நோக்கி நீட்டப்பட்ட 22 துப்பாக்கிகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

இரு சம்பவங்களுக்கும் காரணம் ஒன்றே என்று கூறிவிட முடியாது. ஒரு துப்பாக்கி செயலிழக்கத் தோட்டாவின் பழுது, உதிரி பாகத்தின் தேய்மானம், பயிற்சிக் குறைவு எனப் பல காரணங்கள் உண்டு. எனினும், இவற்றில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் எளிய வேலை ஒன்று இருக்கிறது. துப்பாக்கியைக் கழற்றி, துடைத்து, எண்ணெயிட்டு, மீண்டும் பூட்டும் வாராந்திரப் பராமரிப்புதான் அது. நவீன ஆயுதங்களை வாங்குவது குறித்துச் சட்டப்பேரவைகளிலும் நாடாளுமன்றத்திலும் பல முறை விவாதம் நடந்திருக்கிறது. வாங்கிய ஆயுதத்தின் பராமரிப்பு அபூர்வமாகவே பேசப்படுகிறது.

டம்டமில் தொடங்கிய மசகுப் பிரச்னை

துப்பாக்கிக்கு எந்த மசகு என்ற கேள்வி இந்திய வரலாற்றுக்குப் புதிதல்ல. ஒரு பேரரசையே அது உலுக்கியிருக்கிறது. 1857 ஜனவரியில் கொல்கத்தா அருகே டம்டம் ராணுவ முகாமில், புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாக்களில் பசுவின் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவப்பட்டிருப்பதாகப் பேச்சு பரவியது. தோட்டாவின் காகித உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்ததால், ஹிந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இரு தரப்பினருமே கொதித்தனர்.

நிலைமையைச் சமாளிக்க, மசகு தடவாத தோட்டாக்களை வழங்கி, நெய், தேன்மெழுகு போன்றவற்றைச் சிப்பாய்களே தடவிக்கொள்ளலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகம் அனுமதித்தது. ஆனால், அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. ஏப்ரல் 24-ஆம் தேதி மீரட்டில் குதிரைப்படை வீரர்கள் 90 பேரில் 85 பேர் தோட்டாக்களைத் தொட மறுத்தனர். மே 9-ஆம் தேதி அணிவகுப்பு மைதானத்தில் அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மீரட் பற்றி எரிந்தது. அதற்கு அடுத்த நாள் சிப்பாய்கள் தில்லிக்குள் நுழைந்தனர்.

கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆனால், தீப்பொறியாக அமைந்தது மசகு. அந்தக் காலத்தில் அதன் வேலை, முன்வாய் வழியே தோட்டாவைக் குழலுக்குள் வழுக்கிச் செலுத்துவது. இன்றைய கைத்துப்பாக்கிகளில் அந்தத் தேவை இல்லை. ஆயினும் மசகின் தேவை தீரவில்லை.

மூன்று வேலைகள்

இந்தியக் காவல்துறையிலும் ராணுவத்திலும் நெடுங்காலமாகப் புழங்குவது 9 மி.மீ. தானியங்கிக் கைத்துப்பாக்கி. புகழ்பெற்ற பிரௌனிங் ஹை-பவர் வடிவமைப்பை ஒட்டி, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாரிக்கப்படுவது. தேசியப் பாதுகாப்புப் படை போன்ற சிறப்புப் படைகளிடம் ஆஸ்திரியாவின் கிளாக் கைத்துப்பாக்கிகளும் உள்ளன. எந்த வகையானாலும் இயக்கம் ஏறத்தாழ ஒன்றே. தோட்டா வெடித்தவுடன் மேற்பகுதியான ஸ்லைடு பின்னோக்கிப் பாய்ந்து, காலி உறையை வெளியே எறிந்து, முன்னே வரும்போது அடுத்த தோட்டாவைத் தள்ளி அறைக்குள் ஏற்றுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் இது முடிந்துவிடுகிறது. உலோகத்தோடு உலோகம் உரசும் இந்தப் பாதையில் சிறு தடை ஏற்பட்டாலும் துப்பாக்கி பாதியில் நின்றுவிடும்.

ஆகவே, துப்பாக்கிக்கான எண்ணெய் மூன்று வேலைகளைச் செய்தாக வேண்டும். வெடிமருந்தின் கரியையும் அழுக்கையும் இளக்க வேண்டும். உராய்வைக் குறைக்க வேண்டும். துருவைத் தடுக்க வேண்டும். மூன்றையும் ஒரே புட்டியில் அடக்கும் எண்ணெய்களை ஆங்கில முதலெழுத்துகளால் சி.எல்.பி. என்று அழைக்கின்றனர். 1980-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்க ராணுவம் இத்தகைய எண்ணெயையே பரவலாகப் பயன்படுத்தி வருகிறது. மூன்று வேலைகளையும் ஓரளவு நன்றாகச் செய்வது இதன் சிறப்பு. எந்த ஒன்றையும் தனித்தன்மையோடு செய்யாதது இதன் குறை. அதிகமாகச் சுடும் விளையாட்டு வீரர்கள் கரி நீக்கும் திரவத்தையும், மசகு எண்ணெயையும் தனித்தனியே வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

எண்ணெயா, கிரீஸா என்ற கேள்விக்கும் விடை எளிது. எண்ணெயோடு சோப்பு போன்ற கெட்டிப் பொருளைச் சேர்த்தால் கிடைப்பதே கிரீஸ். அது வழிந்தோடாது; இருந்த இடத்திலேயே நிற்கும். ஸ்லைடு ஓடும் தடம்போல அழுத்தமும் உரசலும் மிகுந்த இடங்களில் மெல்லிய பூச்சாக அதைப் பயன்படுத்தலாம். விசை, ஊசி போன்ற நுண்ணிய பாகங்களில் கிரீஸ் இட்டால் தூசியைச் சேர்த்துக்கொண்டு சேறாகிவிடும்.

சமையலறை எண்ணெய் உதவாது

கையில் கிடைத்த எண்ணெயைத் தடவும் பழக்கம்தான் துப்பாக்கிக்கு முதல் எதிரி. கடுகு எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாளடைவில் பிசினாக இறுகும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே உறையத் தொடங்கிவிடும். தில்லியின் ஜனவரி மாத இரவில் அதைத் தடவிய துப்பாக்கியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் அழுக்கை நன்றாகவே நீக்கும். ஆனால் அது ஆவியான பிறகு உலோகம் பாதுகாப்பின்றி நிற்கும். ஆகவே, அதைக் கொண்டு துடைத்தால் உடனே மசகு எண்ணெயிட வேண்டும். தையல் இயந்திர எண்ணெய் அவசரத்துக்கு உதவும் என்றாலும், அதன் மெல்லிய படலம் துருவை நெடுநாள் தடுக்காது.

எல்லார் வீட்டிலும் காணப்படும் டபிள்யூ.டி.-40 திரவத்துக்கும் இது பொருந்தும். 1953-இல் உருவாக்கப்பட்ட அதன் பெயரே, நீரை விலக்குவது என்ற அதன் நோக்கத்தைக் குறிக்கிறது. மழையில் நனைந்த துப்பாக்கியின் ஈரத்தை வெளியேற்ற அது உதவும். நெடுநாள் மசகாக அதை நம்புவது சரியன்று.

எண்ணெயைவிட முந்தியது சுத்தம். இதில் நீண்டகாலமாக நிலவும் தவறான நம்பிக்கை ஒன்று உண்டு. பழைய வகைத் தோட்டாக்களின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் சேர்க்கப்பட்டிருந்தது. வெடித்த பின் அது குழலுக்குள் ஒரு வகை உப்பாகப் படியும். சமையல் உப்பைப்போலவே அதுவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எண்ணெயில் உப்பு கரையாது. எனவே, எவ்வளவு எண்ணெயிட்டாலும் அடியில் துரு ஏறிக்கொண்டேயிருக்கும். முதலில் வெந்நீரால் குழலைக் கழுவி, நன்கு உலர்த்திய பிறகே எண்ணெயிட வேண்டும் என்பது பழைய ஆயுதப் பராமரிப்பாளர்களின் பாலபாடம். நவீனத் தோட்டாக்களில் பெரும்பாலும் இந்த உப்பு இல்லை. எனினும், பழைய இருப்பிலுள்ள தோட்டாக்களைப் பயிற்சிக்குச் சுடும் இடங்களில் இந்தப் பாடம் இன்னும் காலாவதியாகவில்லை.

எங்கே, எத்தனை சொட்டு?

எண்ணெய் குறைந்தால் ஆபத்து என்று நினைப்பவர்கள், அது கூடினாலும் ஆபத்து என்பதை மறந்துவிடுகின்றனர். கிளாக் நிறுவனத்தின் கையேடு பரிந்துரைப்பது ஒரு சில சொட்டுகளை மட்டுமே. ஸ்லைடு ஓடும் நான்கு தடங்களிலும் ஒவ்வொரு சொட்டு. விசைத்தண்டின் பின்முனை இணைப்புத் தகட்டைத் தொடும் இடத்தில் ஒரு சொட்டு. குழலின் வெளிப்பகுதியில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. அவ்வளவே.

எண்ணெய் படக்கூடாத இடங்களை நினைவில் கொள்வது அதைவிட முக்கியம். தீமூட்டியைத் தட்டும் ஊசி ஓடும் துளைக்குள் எண்ணெய் தேங்கினால் கரியும் தூசியும் சேர்ந்து ஊசியின் வேகத்தைக் குறைக்கும். தட்டு பலவீனமாக விழுந்தால் தோட்டா வெடிக்காது. மேகசினுக்குள் எண்ணெயிட்டால் அது தோட்டாக்களின் மீது படியும். தீமூட்டிக்குள் எண்ணெய் கசிந்தால் தோட்டா செயலிழக்கக்கூடும். தோட்டா அறையும் குழலின் உட்புறமும், சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் துடைக்கப்பட்டிருக்க வேண்டும். ரிவால்வராக இருந்தால், உருளை சுழலும் அச்சிலும், அதைத் தாங்கும் கீலிலும், உறை தள்ளும் தண்டிலும் ஒவ்வொரு சொட்டு போதும். தோட்டா நுழையும் அறைகள் உலர்ந்தே இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன் ஒரு விதி. மேகசினைக் கழற்றி, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் உறுதிசெய்த பிறகே துப்பாக்கியைப் பிரிக்க வேண்டும். தோட்டாக்களை அந்த மேஜையிலிருந்தே அகற்றிவிட வேண்டும். துப்பாக்கியைத் துடைக்கும்போது தவறுதலாக வெடித்து உயிரிழப்பு என்ற செய்திகளில் பலவற்றின் பின்னணி, இந்த ஒரு விதி மீறப்பட்டதுதான். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கரியில் கலந்திருக்கும் காரீயம் நஞ்சு.

பாலைவனமும் பனிமலையும்

இந்தியாவின் நிலவியல், எண்ணெய்த் தேர்வை மேலும் சிக்கலாக்குகிறது. ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் எண்ணெய் அதிகமானால் மணல் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள்போல உலோகத்தைத் தேய்க்கும். அங்கு மிக மெல்லிய பூச்சே பொருத்தமானது. மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களில் உப்புக் காற்றே எதிரி என்பதால், துருவைத் தடுக்கும் தன்மை மிகுந்த எண்ணெயும் அடிக்கடி துடைப்பதும் தேவை. உறைநிலைக்குப் பல பத்து டிகிரி கீழே செல்லும் சியாச்சினில் சாதாரண எண்ணெய் கூழாகிவிடும். கடுங்குளிரிலும் இளகிய நிலையில் இருக்கும் தனி எண்ணெய் அங்கு அவசியம். 1999 கார்கில் போரின்போது, இன்சாஸ் துப்பாக்கிகள் இடையில் நின்றுவிடுவதாகவும், குளிரில் மேகசின்கள் விரிசல் விடுவதாகவும் புகார்கள் எழுந்தன.

பராமரிப்பைப் புறக்கணித்ததன் விலையை வல்லரசுகளும் கொடுத்துள்ளன. வியத்நாம் போரில் 1960-களின் நடுப்பகுதியில் புதிய எம்-16 துப்பாக்கிகள் அமெரிக்க வீரர்களிடம் வழங்கப்பட்டபோது, அவற்றைத் துடைக்கவே தேவையில்லை என்ற எண்ணம் பரவியிருந்தது. துடைப்புக் கருவிகளும் போதிய அளவில் தரப்படவில்லை. வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டதும், தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லாததும் சேர்ந்துகொள்ள, சண்டையின் நடுவே துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு இதை விசாரித்து, ராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. அதன் பிறகு பாகங்கள் திருத்தப்பட்டன; துடைப்புக் கருவிகளும் வந்து சேர்ந்தன.

சுடாத துப்பாக்கிக்கே துரு அதிகம்

இந்தியக் காவலரின் கைத்துப்பாக்கிக்கு வரும் நோய் வேறு. அது அதிகம் சுடப்படுவதில்லை. ஆனால் நாள்தோறும் இடுப்பில் தொங்குகிறது. வியர்வையும், மழையும், சாலைத் தூசியும் அதன் மீது படிகின்றன. தோல் உறைக்குள் தேங்கும் ஈரம் உலோகத்தை அரிக்கிறது. ஒருமுறை இட்ட எண்ணெய் சில வாரங்களில் வழிந்தோ ஆவியாகியோ காய்ந்துவிடுகிறது. சுடவில்லையே, எதற்குத் துடைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் இங்கு ஆபத்தானது. சுட்ட துப்பாக்கியை எவரும் துடைக்க நினைப்பர். சுடாத துப்பாக்கியே மறக்கப்படுகிறது.

கிடங்கில் உறங்கும் ஆயுதங்களின் நிலை இதைவிட மோசம். ராஜஸ்தான் காவல்துறை பற்றி 2009 முதல் 2014 வரையிலான காலத்தை ஆராய்ந்த மத்திய கணக்குத் தணிக்கையாளர், நவீன ஆயுதங்களில் 75 சதவீதப் பற்றாக்குறை இருப்பதாகக் கண்டறிந்தார். அதே சமயம், வாங்கிய ஆயுதங்களில் 59 சதவீதம் காவல் நிலையங்களுக்கு வழங்கப்படாமல் முடங்கிக் கிடந்ததையும் அவர் சுட்டிக்காட்டினார். இதேபோன்ற தணிக்கைகளில் மேற்கு வங்கத்தில் 71 சதவீதமும், குஜராத்தில் 36 சதவீதமும் பற்றாக்குறை என்று தெரியவந்தது. முதல் உலகப் போர் காலத்தைச் சேர்ந்த .303 துப்பாக்கி வகைக்கு உத்தரப் பிரதேசக் காவல்துறை விடைகொடுத்ததே 2020 குடியரசு தினத்தன்றுதான்.

பணம் இல்லை என்பது மட்டும் காரணமன்று. காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ள போதிலும், அதை நவீனப்படுத்த 1969-70 முதலே மத்திய அரசு நிதி வழங்கி வருகிறது. 2015-16-இல் இதற்கென இருந்த ரூ.9,203 கோடியில் மாநிலங்கள் செலவிட்டது ரூ.1,330 கோடி, அதாவது 14 சதவீதம் மட்டுமே. 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ரூ.26,275 கோடிக்கான ஒருங்கிணைந்த திட்டத்துக்கு 2022-இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களில் வாங்கப்படும் ஆயுதங்களின் எண்ணிக்கை தலைப்புச் செய்தியாகிறது. அவற்றைப் பராமரிக்கும் ஆர்மரர் எனப்படும் ஆயுதப் பழுதுநீக்குநர் பணியிடங்களின் எண்ணிக்கை செய்தியாவதில்லை.

இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளி போன்ற நிறுவனங்கள் இதற்கான பயிற்சி அளிக்கின்றன. ஆனால், பயிற்சி பெற்றவர் மாவட்டத் தலைமையகத்தில் இருக்க, துப்பாக்கி தொலைதூரக் காவல் நிலையத்தில் இருக்கிறது. இடையிலுள்ள தூரத்தை நிரப்ப வேண்டியவர், அந்தத் துப்பாக்கியை ஏந்தும் காவலரே. அவருக்கு ஒரு புட்டி எண்ணெயும், குழல் துடைக்கும் கயிறும், துணியும், அதற்கான நேரமும் தரப்பட வேண்டும். பந்தோபஸ்து, ரோந்து, நீதிமன்றப் பணி என அலையும் காவலரிடம் இவற்றில் அரிதாகக் கிடைப்பது நேரம்தான்.

தேர்தலும் தனியார் துப்பாக்கியும்

உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் பொதுமக்களுக்கும் இந்தப் பிரச்னை உண்டு. தேர்தல் அறிவிக்கப்பட்டவுடன் உரிமதாரர்கள் பலரின் துப்பாக்கிகள் காவல் நிலையங்களிலோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடைகளிலோ ஒப்படைக்கப்படுகின்றன. தனித்தனியாகக் காரணம் ஆராயாமல் எல்லாரையும் ஒப்படைக்கச் சொல்வது சரியல்ல என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டியுள்ளது. சட்டப் பிரச்னை ஒருபுறமிருக்க, வாரக்கணக்கில் கிடங்கில் கிடக்கும் துப்பாக்கிக்கு எண்ணெயிடுவது யார் பொறுப்பு என்ற கேள்வியும் எழுகிறது.

ஒப்படைக்கும் முன் உரிமதாரரே குழலின் உள்ளும் புறமும் துரு தடுப்பு எண்ணெயைப் பூசி, தோல் உறையை நீக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் வைப்பது நல்லது. திரும்பப் பெற்றதும் குழலிலுள்ள எண்ணெயைத் துடைக்காமல் சுடக்கூடாது. 2019-ஆம் ஆண்டு சட்டத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்த்தியது. ஆகவே, உரிமதாரரின் பராமரிப்புப் பொறுப்பும் நீண்டுள்ளது.

கேட்கப்பட வேண்டிய கேள்வி

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இயங்கிவந்த படைக்கலத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபரில் கலைக்கப்பட்டு, ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. இஷாப்பூர், கான்பூர், திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலைகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. தனியார் நிறுவனங்களும் ஆயுதத் தயாரிப்பில் இறங்கியுள்ளன. இனி, காவல்துறைகளுக்குப் புதிய கைத்துப்பாக்கிகள் வரும் வேகம் கூடலாம்.

அவ்வாறு கொள்முதல் அறிவிப்பு வரும்போது, எத்தனை துப்பாக்கிகள், என்ன விலை என்று கேட்பதோடு மக்கள் பிரதிநிதிகள் நிறுத்திக்கொள்ளக் கூடாது. அவற்றுக்கான துடைப்புக் கருவிகள் உடன் வாங்கப்பட்டனவா, ஆர்மரர் பணியிடங்களில் எத்தனை காலி, காவல் நிலையங்களில் ஆயுதப் பராமரிப்புப் பதிவேடு எழுதப்படுகிறதா, கடைசியாக யார், எப்போது சரிபார்த்தார் என்றும் கேட்க வேண்டும். பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஒரு கைத்துப்பாக்கியைச் செயல்நிலையில் வைத்திருக்க மாதத்துக்குச் சில சொட்டு எண்ணெயும், வாரத்துக்குக் கால் மணி நேரமும் போதும். அந்தக் கால் மணி நேரத்தை அரசு தராவிட்டால், அதன் விலையை மோதலின் நடுவே நிற்கும் காவலர் தர வேண்டியிருக்கும்.